சத்தம் போடாத கொக்கி

அத்தியாயம் 5

“கொலையா, கொள்ளையா?” என்று கேட்டான் சம்சுதீன், வாயிலிருந்த பணியாரத்தை விழுங்காமலே.

“கல்யாணம்” என்றாள் வந்தவள்.

“அப்ப பெருங்குத்தம். உக்காருங்க.”

உட்கார இடமில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பஞ்சர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ‘சீனிச்சாமி, தனியார் துப்பறிவாளர்’ என்று எழுதின ஒரு தகரப் பலகை. பலகையை வெளியே மாட்ட ஆணி வாங்கி வரச் சொல்லி ஒரு வருஷமாகிறது. ஆணி வாங்கப் போகும் சம்சுதீன் ஒவ்வொரு தடவையும் பணியாரத்தோடுதான் திரும்புவான். பெஞ்சு முழுவதும் அவனே பரவிக் கிடந்தான்.

சீனிச்சாமி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். முப்பது வயசு வரைக்கும் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர். பிடரியில் காய்ப்பு இன்னும் கரையவில்லை. எந்த மூட்டையில் கல் கிடக்கிறது என்று தூக்குகிறவனுக்குத் தோள் சொல்லிவிடும். அந்தத் தோளை நம்பித்தான் அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார்.

“சொல்லு தாயி. யாரு நீ, யாரு மாப்ளே?”

“எம்பேரு பாண்டியம்மா. காசிமாயன் கிட்டங்கியில காய் பொறுக்குறேன். மாப்ளே மொக்கையன். அந்த வீட்டு ஜீப்பு டிரைவரு.”

சம்சுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “டிரைலரைத் தொலைச்ச மொக்கையனா?”

“தொலைக்கல!” என்று அவள் மேசையில் அடித்த அடியில் பணியாரத் தட்டு ஒரு சாண் நகர்ந்தது. “நேத்து குரங்கணியில இருந்து லோடு எறக்கிட்டு வந்தாரு. ஜீப்புக்குள்ளயும் மூட்டை, டிரைலர்லயும் மூட்டை. வழியில சன்னாசி கோயில் வளைவுல நிப்பாட்டிச் சாமி கும்பிட்டாரு. திரும்ப வண்டியெடுத்து ஊரு வந்து எறங்கிப் பாத்தா, பின்னாடி டிரைலர் இல்ல. ஒழுங்கா மாட்டாம கழண்டு ரோட்டோரக் கெடங்குப் பள்ளத்துல உருண்டுருச்சு, இவந்தான் காரணம்ங்கிறாரு மொதலாளி. கிட்டங்கியிலயே உக்கார வச்சிருக்காக. பொழுது சாயவும் ஸ்டேஷன்ல ஒப்படைப்பாகளாம்.”

“அதுக்கும் கல்யாணத்துக்கும்?”

“இன்னைக்குச் சாயங்காலம் வெத்தலை மாத்தணும். ‘அவன் ஸ்டேஷன் படி ஏறுனா வெத்தலை தேவாரத்துக்குப் போகும்’னு எங்கய்யா சொல்லிட்டாரு. அங்க ஒரு மாப்ளே தயாரா இருக்காரு.”

“அவருக்கு என்ன சோலி?”

“யானை வெள்ளாமையில எறங்குனா தகரம் தட்டுவாரு.”

“யானை வராட்டி?”

“அப்பவும் தட்டுவாரு. பழக்கமாயிருச்சு.”

சம்சுதீன் பணியாரத்தைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்தால் விஷயம் மனசைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். “அண்ணே, இந்த வழக்கை எடுத்தே ஆகணும். பணியாரத்து மேல சத்தியமாச் சொல்றேன்.”

“ஒண்ணு கேக்குறேன் தாயி” என்றார் சீனிச்சாமி. “லோடு ஏத்துன டிரைலர் கழண்டா ஓட்டுறவனுக்குத் தெரியாதா? மொக்கையன் தூங்குனானா?”

பாண்டியம்மாள் முகம் கொஞ்சம் வாடியது. “அதத்தான் எல்லாரும் கேக்குறாக. சாரல்னு பின்னாடி படுதா எறக்கிக் கட்டியிருந்துச்சாம். உள்ள மூட்டை அடைச்சதுல கண்ணாடியில ஒண்ணும் தெரியலையாம். காஞ்ச ஏலக்காய் கனமும் இல்ல. அதோட...” தரையைப் பார்த்தாள். “சாயங்காலம் எங்க வீட்டுக்கு வர்ற நெனப்புல வந்தாராம்.”

“அப்படிச் சொல்லு. டிரைலரு போறதுக்கு முன்னாடியே மனசு போயிருக்கு” என்றான் சம்சுதீன்.

“நான் கிட்டங்கி வாசல்ல நிக்கிறேன்” என்று அவள் எழுந்தாள். “அவரைக் கூட்டிட்டுப் போனா குறுக்க விழுவேன். நீங்க வெரசா வாங்க.”

* * *

குரங்கணிக்குக் கூலியாள் ஏற்றிப் போகும் ஜீப்பில் உள்ளே இடமில்லை. பானட்டில் இருவர், பின்னால் தொங்கியபடி ஐவர். ஆறாவதாகத் தொங்கிய சம்சுதீனால் வண்டி ஏற்றத்தில் முன்சக்கரத்தைத் தூக்கியது. “எறங்குடா பாவி!” என்று உள்ளேயிருந்து பெண்கள் கத்தினார்கள். “எறங்குனா வண்டி மூக்குக் குப்புற விழுந்துரும் ஆத்தா, நான்தான் கனம் பாத்து நிறுத்தியிருக்கேன்” என்று அவன் பதில் கத்தினான்.

சன்னாசி கோயில் வளைவில் திருவிழாக் கூட்டம். எல்லாரும் கிடங்கின் ஓரத்தில் வரிசையாக நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதரும் மூங்கிலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பேச்சு அதிகமாகத்தான் இருக்கும்.

“அந்தா, வெள்ளையாத் தெரியுது பாரு, மூட்டை.”

“அது கொக்குய்யா.”

“குண்டுக் கொக்கி வாங்கும்போதே சொன்னேன். குண்டுன்னா உருளத்தான செய்யும்?”

ஒருத்தர் அங்கேயே கடலை விற்கத் தொடங்கியிருந்தார்.

சீனிச்சாமி கிடங்கை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் திரும்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கோயிலை ஒட்டி ரோடு சமதளமாக இருந்தது. எதிர்ப்பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு வண்டிப்பாதை போனது. ஊரே ஒரு பக்கம் பார்க்கும்போது அவருக்கு மறுபக்கம் போக வேண்டும் போலிருக்கும். மூட்டை தூக்கின காலத்தில் மேஸ்திரி ஒரு பக்கம் பார்க்கும்போதுதான் மறுபக்கம் உட்கார முடியும்.

பாதைக்குள் கொஞ்ச தூரம் போனதுமே நின்றார். ஈர மண்ணில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். சாறு வெளியேறி, விதை பிதுங்கி, தோல் தரையோடு ஒட்டிக் கிடந்தன. நாலு பழம் பட்டையான சக்கரத்தடத்தில், ரெண்டு மெலிந்த தடத்தில்.

“ஆறு பழம்” என்றான் சம்சுதீன். “ஜூஸ் கடைக்காரன் வேலைண்ணே. சந்தேகமே இல்ல.”

“ஜீப்புக்கு நாலு சக்கரம். டிரைலருக்கு ரெண்டு.”

சம்சுதீனின் வாய் மூட மறந்தது.

“டிரைலர் கெடங்குல விழல” என்றார் சீனிச்சாமி. “மொக்கையன் சாமி கும்பிட்ட நேரத்துல கழட்டி, கையால தள்ளி இதுக்குள்ள கொண்டாந்திருக்காக. அவன் போனப்புறம் இன்னொரு ஜீப்புல பூட்டியிருக்காக. புதுசா ஒரு வண்டியோட இன்னொண்ணைச் சேத்துப் பூட்டினா, பழம் வைக்காம இந்த மலையில எவனாவது கியரு போடுவானா?”

“திருட வந்த எடத்துலயுமா?”

“திருடனும் இதே வளைவுலதான எறங்கணும்? உசுரு அவனுக்கும் ஒண்ணுதான?”

சம்சுதீன் குனிந்து கும்பிட்டான். “பக்தியுள்ள திருடன். புடிச்சா மரியாதையா அடிக்கணும்ணே.”

சீனிச்சாமி சிரிக்கவில்லை. தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின இடத்தில் ஜீப்புத் தடம் முன்னுக்கும் பின்னுக்கும் போய், கோணி, மறுபடி நேராகி, கோழி கிளறின குப்பை போலக் கிடந்தது. “பழகின டிரைவரு முன்சக்கரத்துக்கு ரெண்டு பழம் வச்சு ஏத்திட்டுப் போயிருவான். இங்க ஒரு சக்கரம் பாக்கியில்லாம வச்சிருக்காக. ஏன்?”

“பழம் மலிவா கெடச்சிருக்கும்.”

“வா. முதல்ல கொக்கி வித்த கடையப் பாப்போம்.”

* * *

நாகூர் கனி ராவுத்தரின் உதிரிபாகக் கடை பெரிய கடைவீதியில் இருந்தது. கூரையிலிருந்து ஃபேன் பெல்ட்டுகள் தொங்கின. ராவுத்தர் கிரீஸ் படாத வெள்ளைச் சட்டையில், கிரீஸுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“காசிமாயன் வீட்டு டிரைலர் கொக்கி நீங்க குடுத்ததா ராவுத்தரே?”

“அத ஏன் கேக்குறீக!” என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன். ஒரு கொக்கி வாங்கக் குடும்பத்தோட வந்தது அந்த ஒரு வீடுதான். பொண்ணு பாக்க வந்த மாதிரி, புருசன், பொஞ்சாதி, மச்சினன், பிள்ளைக, பூவும் பழமும் வேற. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போற குடும்ப ஜீப்பாம். கண்டதை மாட்டக் கூடாதாம்.”

“எத்தனை ரகம் காட்டுனீக?”

“மூணு. ஒண்ணு மிலிட்டரிக் கொக்கி. டிரைலர் கழுத்துல வளையம் இருக்கும், அத முதலை மாதிரி கவ்வும். காசிமாயனுக்கு அதுமேலதான் கண்ணு. அவரு மச்சினன் கண்ணுச்சாமி, சிலமலைக்காரன், ‘டிராக்டர் பின்னே போதும் பாய். ரெண்டு தகடு, நடுவுல ஒரு இரும்பு பின்னு. ஒடைஞ்சா வேற போல்ட்டைச் சொருகிட்டுப் போகலாம்’ங்கிறான். மாமனும் மச்சினனும் சண்டை. ‘எங்கக்கா பிள்ளைக போற வண்டியில போல்ட்டையா சொருகச் சொல்ற’னு அவனே அவன்கிட்ட சண்டை போட்டான்.”

“அப்புறம்?”

“அவரு பொஞ்சாதி பொன்னுமணி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. எந்திரிச்சு வந்து, ‘இதுல எது சத்தம் போடாது பாய்?’னு கேட்டுச்சு. வளையம், பின்னு ரெண்டுமே ரோடு பூராவும் கடகடன்னுதான் வரும்னேன். ‘எனக்குத் தலைவலி. சத்தம் ஆகாது’ன்னுச்சு. சரினு மூணாவத எடுத்தேன். மலை மேல துரை பங்களா ஏலத்துல வந்தது. ஜீப்புல ஒரு இரும்புக் குண்டு நிக்கும். டிரைலர் கழுத்துல கிண்ணி மாதிரி இருக்கும். கிண்ணி குண்டுமேல கவுந்து உக்காந்து பூட்டிக்கும். எண்ணெய் போட்டா மூச்சு விடாது.”

சம்சுதீன், “எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும் மாமா. பொஞ்சாதிக்கு மாட்ட” என்றான்.

“உன் பொஞ்சாதி வாங்கிட்டுப் போயி உனக்கு மாட்டட்டும். காசிமாயனுக்கு முதல்ல பிடிக்கல. ‘இந்த ஊர்லயே யாருகிட்டயும் இல்லாதது’னேன். அவ்வளவுதான்! மறுநாள் ஜீப்பைத் தெருத் தெருவா நிப்பாட்டிக் குண்டைக் காட்டினாரு. ஒரு கெழவி அதுக்குத் திருநீறு பூசிட்டே போயிருச்சு.”

சீனிச்சாமி மெல்லக் கேட்டார். “யாருகிட்டயும் இல்லையா? அது ஒண்ணுதான் வந்துச்சா?”

ராவுத்தர் கொஞ்சம் நெளிந்தார். “ஏலத்துல ஜோடியா வந்துச்சு. இன்னொரு குண்டை ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணுச்சாமி வந்து வாங்கிட்டுப் போனான். ‘டிரைலரே இல்லாதவனுக்கு எதுக்குடா கொக்கி’னேன். ‘அழகா இருக்கு பாய்’ன்னான்.”

சீனிச்சாமியும் சம்சுதீனும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் சம்சுதீன் குதித்தான். அவன் குதித்ததில் பக்கத்துக் கடையின் வெங்காயத் தராசு ஆடியது. “மாட்டிக்கிட்டான்! அண்ணே, வளையக் கொக்கியா இருந்தா கழண்டதும் சத்தம் நின்னுரும், மொக்கையன் திரும்பிப் பாத்திருப்பான். சத்தமே இல்லாத கொக்கியில, இருந்தாலும் போனாலும் ஒண்ணுதான். ‘சத்தம் போடும்’னு ஒரு தொந்தரவு இருந்துச்சு. அத எடுத்துட்டான்!”

“எடுத்துட்டாக” என்றார் சீனிச்சாமி. “அந்தக் கிண்ணியை வேற எந்த வண்டியிலயும் மாட்ட முடியாது. ஜோடிக் குண்டு இருக்கிற ஜீப்புலதான் உக்காரும்.”

“அப்ப சிலமலைதான?”

“சிலமலைதான். பொழுது எறங்குது, ஓடு.”

* * *

சிலமலையில் கண்ணுச்சாமியின் மாட்டுக்கொட்டகை ஊருக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டி இருந்தது. வாசலில் ஜீப்பு. ஜீப்பின் பின்னால் எண்ணெய் மினுங்க ஒரு இரும்புக் குண்டு. கொட்டகைக்குள் கூரையை முட்டும் வைக்கோல் போர்.

கண்ணுச்சாமி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் கொட்டாவி விட்டான். கொஞ்சம் அதிகமாகவே விட்டான்.

சம்சுதீன் வைக்கோல் பக்கம் மூக்கை நீட்டினான். “அண்ணே, உங்க வைக்கோல் ஏலக்காய் மணக்குது. மாட்டுக்கு என்ன, தினமும் பாயாசமா?”

“சீக்கு மாடு” என்றான் கண்ணுச்சாமி. “வைத்தியம்.”

சம்சுதீன் ஒரு கட்டு வைக்கோலை இழுத்தான். டிரைலரின் ஒரு சக்கரம் எட்டிப் பார்த்தது. சக்கரத்தில் காய்ந்த எலுமிச்சை விதை ஒன்று ஒட்டியிருந்தது. “மாட்டுக்கு டயர் மொளைச்சிருக்கு. சீக்கு முத்திருச்சு.”

கண்ணுச்சாமி எழுந்து உட்கார்ந்தான். கொட்டாவி நின்றுவிட்டது. “சரி. நான்தான். என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

சம்சுதீன் கையைத் தட்டினான். “முடிஞ்சுது சோலி! அண்ணே, இப்ப கெளம்புனா வெத்தலைக்குப் போயிரலாம்.”

சீனிச்சாமி நகரவில்லை. “கண்ணுச்சாமி, நீ எத்தனை வருசமா வண்டி ஓட்டுற?”

“பன்னெண்டு வருசம் கொச்சிக்கு லாரி ஓட்டினேன்.”

“இந்த ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து டிரைலரோட பூட்டு. பாப்போம்.”

கண்ணுச்சாமி தோளைக் குலுக்கி, டிரைலர் கழுத்தை மூடியிருந்த வைக்கோலை ஒதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே எடுப்பு. ஜீப்பு பின்னால் வந்து, குண்டு நேராகக் கிண்ணியின் கீழே நின்றது.

சீனிச்சாமி தலையை ஆட்டினார். “நீ இல்ல.”

“என்னண்ணே! புடிச்ச திருடனை விட்டுட்டு...” என்றான் சம்சுதீன்.

“சன்னாசி கோயில்ல இந்தக் குண்டைக் கிண்ணிக்குக் கீழ கொண்டுவர வண்டி பத்துத் தடவை முன்னும் பின்னும் போயிருக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மறக்காம பழம் வச்சிருக்காக. புதுசா ஓட்டப் பழகினவுகதான் அப்படிப் பயப்படுவாக. டிரைலர் கழுத்தைத் தூக்கிக் குடுத்தது நீயா இருக்கலாம். ஓட்டினது நீ இல்ல.” குரலை உயர்த்தினார். “வைக்கோலுக்குப் பின்னால இருக்கிறவுக வெளிய வரலாம். தும்மல அடக்குறது இங்க வரைக்கும் கேக்குது, எவ்வளவு நேரம் நிப்பீக?”

வைக்கோல் போர் பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

முந்தானையில் வைக்கோல் துரும்பும் முகத்தில் வியர்வையுமாக வெளியே வந்தவள் காசிமாயன் மனைவி பொன்னுமணி.

“மதினி!” என்று கத்தினான் சம்சுதீன். “நீங்க ஜீப்பு ஓட்டுவீகளா?”

“ஏன், எனக்கென்ன கையும் காலும் இல்லையா?” என்றாள் பொன்னுமணி. “இந்தப் பருத்திக் காட்டுலதான் பழகினேன். தம்பிதான் சொல்லிக் குடுத்தான். ரிவர்ஸ்தான் இன்னும் வரமாட்டேங்குது.”

“வரப்பு பூராவும் போச்சு” என்றான் கண்ணுச்சாமி.

“பொறந்த வீட்டுல போயி அழுதுட்டு வர்றேன்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்தேன்” என்று அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “சொந்தத் தோட்டத்துக் காயை நானே திருடினேன். வேற என்ன செய்யச் சொல்றீக? தோட்டம் எங்கய்யா எனக்குக் குடுத்தது. நாத்து நட்டது, களை வெட்டுனது, அட்டைக்கடி வாங்குனது நான். இந்த மனுசன் மெட்ராஸ்ல இருந்து ஒருத்தனைக் கூட்டியாந்திருக்காரு, சினிமா எடுக்கப் போறாராம். இந்த வருசக் காய் முழுசையும் அவன் கையில குடுக்கணுமாம். படத்துல இவருதான் கதாநாயகிக்கு அப்பாவாம். வீட்டுல இருக்கிற பொம்பளப் பிள்ளைக்கு அப்பாவா இருக்க நேரமில்ல.”

“டிரைலர் கெடங்குல போச்சுன்னு ஆயிட்டா?”

“மெட்ராஸ்காரன் பஸ்சு ஏறிருவான். அப்புறம் நானே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரிக் கொண்டாரலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் ஊருல இல்லாத கொக்கியாப் பாத்து வாங்க வச்சேன். பழி கொக்கி மேல போகும்னு நெனச்சேன்.” அவள் குரல் இறங்கியது. “இந்த மனுசன் ஊரு பூராவும் காட்டிப் பெருமையடிச்சுட்டாரு. கொக்கியைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரல. பாவம், மொக்கையனைச் சொல்லிட்டாரு.”

“பொழுது சாயவும் அவனை ஒப்படைச்சிருவாக” என்றார் சீனிச்சாமி. “அப்புறம் எந்த வீட்டுலயும் அவனுக்குச் சாவி குடுக்க மாட்டாக. பாண்டியம்மாவுக்குத் தேவாரம்.”

“அந்தத் தகரம் தட்டுறவனா?” பொன்னுமணி திடுக்கிட்டாள்.

“அவரேதான்.”

“இப்பக் கொண்டு போனா காயி மெட்ராஸ்காரன் கைக்குப் போயிருமே.”

“நீங்க ஒளிச்சு வச்சாத்தான் போகும்” என்றார் சீனிச்சாமி. “வெளிச்சம் போறதுக்குள்ள, கடைவீதி வழியா, நீங்களே ஓட்டிட்டுப் போங்க. ஊரு பாத்தப்புறம் எந்தக் கை வந்து எடுக்குதுன்னு பாப்போம்.”

பொன்னுமணி டிரைலர் மேலிருந்த வைக்கோலைத் தள்ளிவிட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“டேய் தம்பி, சாவியக் கொண்டா.”

* * *

போடி கடைவீதி அப்படியொரு ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கில் பொன்னுமணி. பக்கத்தில் பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு கண்ணுச்சாமி. பின்னால் கண்ணை மூடிய சீனிச்சாமி. டிரைலரில் மூட்டைகளின் உச்சியில் சம்சுதீன். “வழி விடுங்க! இதுக்கு ரிவர்ஸ் தெரியாது!” என்று அவன் கூவிக்கொண்டே வந்தான். சைக்கிள்கள் சாக்கடைக்குள் இறங்கின. டீக்கடையே எழுந்து நின்றது. நாகூர் கனி ராவுத்தர் கடைக்கு வெளியே ஓடிவந்து, போகும் ஜீப்பின் பின்னால் குனிந்து கொக்கியைப் பார்த்துவிட்டு, “சத்தமே இல்ல பாருங்க!” என்று தெருவுக்கு அறிவித்தார்.

கிட்டங்கி வாசலில் காசிமாயன் மொக்கையனின் கையைப் பிடித்தபடி கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சஃபாரி சூட்டு போட்ட மெட்ராஸ்காரர். சொன்னபடியே பாண்டியம்மாள் படிக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்ட முடியாமல் மூன்று பேரும் நின்றார்கள்.

ஜீப்பு வந்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்தது. மெட்ராஸ்காரர் தாவி, எடை போடும் பலகையில் ஏறினார். ஜீப்பு அவருடைய பெட்டிமேல் ஏறி நின்றது.

காசிமாயனின் கை தானாக மொக்கையனை விட்டது. “பொன்னு... நீயா ஓட்டுன?”

“நீங்க படம் எடுக்கும்போது நான் வண்டி ஓட்டக் கூடாதா?” பொன்னுமணி இறங்கினாள். “கொக்கி தானா கழலல. நான்தான் கழட்டினேன். எங்க தோட்டம், எங்க காயி. இத எப்ப விக்கணும், யாருக்கு விக்கணும்னு இனி நான் சொல்றேன். மொக்கையன் மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கோங்க.”

கூட்டம் காசிமாயனைப் பார்த்தது. காசிமாயன் மனைவியைப் பார்த்தார். டிரைலரைப் பார்த்தார். குனிந்து கொக்கியைப் பார்த்தார். குண்டும் கிண்ணியும் கவ்வியபடி அசையாமல் இருந்தன. மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப கொக்கி நல்ல கொக்கிதான?”

“நல்ல கொக்கிதான்.”

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா!” என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “நேத்திலிருந்து என்னென்ன பேசுனீக! இப்ப சொல்லுங்கய்யா! சிலமலையில இருந்து ஒரு ஆட்டம் ஆடலையே!”

“சார், நம்ம படம்...” என்றது எடைப்பலகையிலிருந்து ஒரு குரல்.

“எறங்குய்யா கீழ. முள்ளு ஒடைஞ்சிரும்” என்றார் காசிமாயன், கொக்கியைத் துடைத்துக்கொண்டே.

மெட்ராஸ்காரர் இறங்கி, தட்டையான பெட்டியை விசிறி போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தார். பொன்னுமணி ஜீப்புச் சாவியை மொக்கையனிடம் நீட்டினாள். “உன்னைப் படுத்திட்டேன். உள்ள வண்டிய எடுத்து விடு. எனக்கு ரிவர்ஸ் வராது.” மொக்கையன் இரண்டு கையாலும் வாங்கினான். ஒரே எடுப்பில் டிரைலரைக் கிட்டங்கிக்குள் பின்னால் தள்ளி நிறுத்தினான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பாண்டியம்மாளின் அய்யா வெற்றிலைத் தட்டோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் அதுவரை நின்றவர், “சரி சரி, வீட்டுக்கு வாங்க. வெத்தலை வாடுது” என்றார்.

மொக்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. டிரைலரைக் கழற்றிவிட்டு ஜீப்பை வெளியே கொண்டுவந்தான். ஓடிப்போய்ப் பின்பக்கப் படுதாவைத் தூக்கிப் பிடித்தான். “ஏறு பாண்டி. எல்லாருமா வீட்டுக்குப் போவோம்.”

பாண்டியம்மாள் இடுப்பில் கையை வைத்தாள்.

“பின்னாலயா? அத்தனை மூட்டையோட ஒரு டிரைலரு போனது தெரியாம ஊரு வந்து சேந்த ஆளு நீரு. நான் விழுந்தா உமக்குத் தெரியவா போகுது?”

சுற்றிவந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் அய்யாவும் வெற்றிலைத் தட்டும் சீனிச்சாமியும் சம்சுதீனும் அடைசலாக ஏறினார்கள். ஜீப்பு கிளம்பியது. தெருமுனை வருவதற்குள் மொக்கையன் நாலு தடவை பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டான்.

“இங்கதான் இருக்கேன்” என்றாள் பாண்டியம்மாள். “ரோட்டைப் பாரும்.”